ஆற்றை உள்ளபடி வரைந்தவர்
(ஓவியர் தாமஸ் டேனியலின் வாழ்க்கை வரலாறு)

முன்னுரை

நாட்டுக்காக உழைத்த தலைவர்களின் வரலாற்றையும், விஞ்ஞானிகளின் வரலாற்றையும் நாம் பாடநூல்களில் படிக்கின்றோம். ஓவியர்களின் வரலாறு அவ்வளவாக நம் கண்ணில் படுவதில்லை. சென்ற ஆண்டு ஓவிய வகுப்பில் அருட்சகோதரி ஒருவர் எங்களுக்கு ஒரு படத்தைக் காட்டினார்கள். உயர்ந்த பாறைகளுக்கு நடுவே வெள்ளமாய் விழும் ஓர் ஆறு. அந்தப் பாறைகளின் முன்னே மனிதர்கள் எறும்புகளைப் போலச் சிறியவர்களாய்த் தெரிந்தார்கள். வெளிநாட்டு ஆறு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அது நம் திருநெல்வேலிச் சீமையில் பொதிகை மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி என்றும், இடம் பாபநாசம் என்றும், வரைந்தவர்கள் இரு ஆங்கிலேயர் என்றும் சகோதரி சொன்னபோது எங்களுக்கு ஒரே வியப்பு. கேமரா கண்டுபிடிக்கப்படாத காலத்தில் நம் ஆற்றை இவ்வளவு தத்ரூபமாக வரைந்தவர் யார் என்று அறியும் ஆவல் உண்டாயிற்று. அவர்தான் தாமஸ் டேனியல். அவருக்குத் துணை நின்றவர் வில்லியம் டேனியல். நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடிப் படித்ததை என் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பிறப்பும் இளமையும்

தாமஸ் டேனியல் 1749 ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டில் சர்ரே மாவட்டத்தைச் சேர்ந்த சர்ட்சி என்னும் ஊரில் பிறந்தார். தேம்ஸ் நதிக்கரையில் உள்ள சிற்றூர் அது. அவருடைய தந்தை பிரயாணிகள் தங்கும் விடுதி ஒன்றை நடத்தி வந்தார். செல்வக் குடும்பம் அன்று. ஆகவே சிறு வயதிலேயே தாமஸ் ஒரு தொழில் கற்க அனுப்பப்பட்டார். குதிரை வண்டிகளுக்கு வர்ணம் பூசுவதும், பிரபுக்களின் வண்டிக் கதவுகளில் அவர்களுடைய குடும்பச் சின்னங்களைத் தீட்டுவதும்தான் அந்தத் தொழில். இன்று லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பெயர் எழுதும் பட்டறைகளை நாம் பார்க்கின்றோமே, அதைப் போன்றதுதான்.

சிலர் இதை ஒரு சாதாரண வேலை என்று நினைக்கலாம். ஆனால் கோடு பிசகாமல் வரையவும், வர்ணத்தை அளந்து கலக்கவும், சொன்ன நாளில் வேலையை முடிக்கவும் அவர் கற்றுக்கொண்டது அந்தப் பட்டறையில்தான். பின்னர் 1773 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலுள்ள இராயல் அகாடமி என்னும் புகழ்பெற்ற கலைக்கழகத்தின் பள்ளியில் சேர்ந்தார். இயற்கைக் காட்சிகளை வரைவதே அவருடைய விருப்பம். ஆனால் அக்காலத்தில் இங்கிலாந்தில் பணக்காரர்கள் தங்கள் உருவத்தை வரையச் சொல்லித்தான் பணம் கொடுத்தார்களே தவிர, மலையையும் ஆற்றையும் விலை கொடுத்து வாங்குவோர் குறைவு. முப்பது வயதைக் கடந்த பின்னும் அவருக்குப் பேர் சொல்லும்படியான நிலை அமையவில்லை.

கடல் கடந்த பயணம்

இந்நிலையில் அவர் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். இந்தியாவுக்குச் சென்று, அந்நாட்டின் காட்சிகளை வரைந்து, அச்சிட்டு விற்பது என்பதே அது. கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் அனுமதி பெற்றார். தம் சகோதரரின் மகனான வில்லியமை உதவியாளனாக அழைத்துக்கொண்டார். வில்லியம் 1769 இல் பிறந்தவன். தந்தையை இழந்த அச்சிறுவனைத் தாமஸ்தான் ஆதரித்து வந்தார். 1785 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அட்லஸ் என்னும் கப்பலில் இருவரும் புறப்பட்டார்கள். அப்போது வில்லியமுக்கு வயது பதினைந்து பதினாறுதான்! நம் வகுப்புத் தோழியரின் வயது. அந்த வயதில் வீட்டையும் ஊரையும் விட்டு, திரும்பி வருவோமா என்று தெரியாத ஒரு கடற்பயணத்துக்கு அவன் துணிந்தான் என்பதை நினைக்கும்போது உடல் சிலிர்க்கின்றது.

கப்பல் முதலில் சீனாவுக்குச் சென்றது. அங்கிருந்து 1786 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கே நகரின் தெருக்களையும் கட்டடங்களையும் காட்டும் 12 படங்களை 1786 முதல் 1788 வரை வரைந்து அச்சிட்டார்கள். தேர்ந்த அச்சுத் தொழிலாளர் கிடைக்கவில்லை. ஓவியரும் தாமே, தகடு செதுக்குபவரும் தாமே, அச்சடிப்பவரும் தாமே என்று தாமஸ் திண்டாடியதாகத் தெரிகின்றது. கல்கத்தாவின் உள்ளூர்க் கைவினைஞர்கள் அவருக்குக் கை கொடுத்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தப் படத்திலும் இல்லை.

படங்கள் விற்ற பணத்தைக் கொண்டு 1788 இல் வடக்கே புறப்பட்டார்கள். கங்கையில் படகிலும், பின்னர் நிலத்தில் பல்லக்கிலும் குதிரையிலும் சென்று, ஆக்ராவில் தாஜ்மகாலையும் டில்லியில் மசூதிகளையும் வரைந்தார்கள். 1789 இல் இமயமலைச் சாரலில் கார்வால் நாட்டிலுள்ள ஸ்ரீநகர் வரை சென்றார்கள். அங்கே அலகநந்தா நதி மலைகளுக்கிடையே ஓடுகிறது. அதன் மீது கட்டப்பட்டிருந்த கயிற்றுப் பாலத்தையும் வரைந்தார்கள். அவ்விடத்தைக் கண்டு வரைந்த முதல் ஐரோப்பிய ஓவியர்கள் இவர்களே. வில்லியம் வழியெல்லாம் நாட்குறிப்பு எழுதி வந்தான். அந்த நாட்குறிப்பு இன்றும் இலண்டனில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.

தமிழ்நாட்டில் டேனியல்கள்

1792 ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருவரும் கப்பலில் சென்னை வந்து இறங்கினார்கள். சென்னையில் கோட்டையையும் கறுப்பர் நகரத்தையும் வரைந்தார்கள். ஏப்ரலில் பல்லக்கு, குதிரை, மாட்டு வண்டி, பல்லக்குத் தூக்கிகள், சுமைகாரர்கள் என்று ஒரு பெருங்கூட்டத்தோடு உள்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். அப்போதுதான் திப்பு சுல்தானுக்கும் கம்பெனிப் படைக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்திருந்தது. காஞ்சிபுரம், வேலூர், ஓசூர் வழியாகப் பெங்களூர் வரை சென்று, கிருஷ்ணகிரிப் பகுதியின் மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டு தெற்கே திரும்பினார்கள். திருச்சி மலைக்கோட்டை, மதுரையில் திருமலை நாயக்கர் மஹால், தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் ஆகிய எல்லாம் அவர்களுடைய படங்களில் இடம் பெற்றுள்ளன.

எங்கள் கோவை, திருப்பூர்ப் பகுதியை மட்டும் அவர்கள் தொடவில்லை. போர் உடன்படிக்கையின்படி சேலம் சீமை கம்பெனியிடம் சென்றது. நம் கோவைச் சீமையோ 1799 வரை திப்பு சுல்தானின் ஆட்சியிலேயே இருந்தது. நம் நொய்யல் ஆற்றைப் பார்க்கும் வாய்ப்பு அந்தக் கண்களுக்குக் கிட்டவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அது ஏன் என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கின்றேன்.

மதுரைக்குத் தெற்கே சென்றவர்கள் குற்றாலத்தையும் பாபநாசத்தையும் அடைந்தார்கள். அகத்தியர் மலையில் தோன்றும் தாமிரபரணி, பாறைகளை அறுத்துக்கொண்டு இடுக்கு வழியாகப் பாய்ந்து, பாபநாசத்தில்தான் சமவெளியைத் தொடுகின்றது. இன்று அதற்கு மேலே அணை இருக்கின்றது. 1940களில் கட்டப்பட்ட மின் நிலையமும் இருக்கின்றது. டேனியல்கள் கண்டபோது இவை ஒன்றுமில்லை. மலையில் பெய்த மழை முழுவதும் தங்கு தடையின்றி வந்து விழுந்தது. அந்தக் கோலத்தில் ஆற்றைப் பார்த்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் இந்த இருவர் நமக்குக் காட்டுவதற்காக அதைக் காகிதத்தில் பிடித்து வைத்தார்கள்.

அவர்கள் வரைந்த விதம்

இவ்வளவு சரியாக எப்படி வரைந்தார்கள்? அதற்கு அவர்களிடம் ஒரு கருவி இருந்தது. கேமரா அப்ஸ்கியூரா என்று பெயர். இருட்டான பெட்டி ஒன்றில் கண்ணாடி வில்லையும் நிலைக் கண்ணாடியும் பொருத்தியிருப்பார்கள். எதிரிலுள்ள காட்சி உள்ளேயிருக்கும் காகிதத்தின் மீது சிறியதாக விழும். அதன் மேல் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ளலாம். படம் எடுத்து வைத்துக்கொள்ள முடியாத கேமரா அது. பிடிக்க வேண்டியது மனிதனின் கைதான். வில்லியம் கோட்டுருவம் எடுப்பதும், தாமஸ் வர்ணம் சேர்ப்பதுமாக இருவரும் வேலையைப் பகிர்ந்துகொள்வதுண்டு. வெயிலிலும் மழையிலும் பாறை மேல் அமர்ந்து ஒவ்வொரு விரிசலையும் பார்த்துப் பார்த்து வரைய எவ்வளவு பொறுமை வேண்டும்!

1794 ஆம் ஆண்டு இருவரும் இங்கிலாந்து திரும்பினார்கள். அதன் பிறகுதான் உண்மையான உழைப்பு தொடங்கியது. அக்வாடின்ட் என்னும் முறையில் படங்களை அச்சிட்டார்கள். செப்புத் தகட்டின் மேல் குங்கிலியம் போன்ற பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கினால் பொடி தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டை அமிலத்தில் நனைப்பார்கள். பொடி ஒட்டாத நுண்ணிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். அதிக நேரம் அரித்த இடம் கருமையாகவும், குறைந்த நேரம் அரித்த இடம் இலேசாகவும் அச்சில் விழும். வெண்மையாக வேண்டிய இடத்தை, அதாவது விழும் நீரை, அமிலம் படாதபடி முன்னமே மூடிவிட வேண்டும். அச்சான பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் நீர் வர்ணம் பூச வேண்டும்.

என் மாமா பனியனில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்கின்றார். வர்ணம் படக்கூடாத இடத்தை முதலில் அடைத்துவிடுவதுதான் அங்கேயும் முறை. ஸ்கிரீன் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் பனியன் கழிவுக்குப் போய்விடும். டேனியல்களின் முறையை நான் விளக்கியபோது மாமா, தம் வேலையின் பாட்டன் வேலை இது என்று சிரித்தார்.

இவ்வாறு 1795 முதல் 1808 வரை பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து, ஆறு பகுதிகளில் 144 படங்கள் கொண்ட பெருந்தொகுப்பை வெளியிட்டார்கள். கீழ்நாட்டுக் காட்சிகள் என்பது அதன் பெயரின் பொருள். விலை 210 பவுண்டு. அந்நாளில் அது பெரும் செல்வம். பாபநாசம் நீர்வீழ்ச்சியின் படமும் அத்தொகுப்பில் உள்ளது. அதைப் பார்த்துத்தான் ஐரோப்பியர் பலர் நம் நாட்டின் மலையும் நதியும் கோயிலும் எப்படியிருக்கும் என்று முதன்முதலாக அறிந்தார்கள். பீங்கான் தட்டுகளிலும் சுவர்க் காகிதங்களிலும் கூட இப்படங்களைப் பார்த்து வரைந்தார்கள். தாமஸ் 1799 இல் இராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார். வண்டிக்கு வர்ணம் பூசிய கை அந்த உயரத்தை எட்டியது.

குறைகளும் உண்டு

பெரியோரின் வரலாற்றை எழுதும்போது நிறைகளை மட்டும் சொல்லிச் செல்வது வழக்கம். ஆனால் உள்ளதை உள்ளபடி வரைந்தவரைப் பற்றி எழுதும்போது நானும் உள்ளபடி எழுத வேண்டும் அல்லவா? டேனியல்கள் நம் நாட்டுக்கு வந்தது பெயரும் பணமும் தேடித்தான். அவர்கள் சென்ற பாதையில் ஒரு பகுதி, போருக்குச் சென்ற கம்பெனிப் படையின் பாதை. அவர்களுடைய படங்களை வாங்கியவர்களில் பலர் கம்பெனியின் அதிகாரிகள். நாட்டைப் பிடித்தவர்கள் தாங்கள் பிடித்த இடத்தின் அழகைச் சுவரில் மாட்டி மகிழ்ந்தார்கள். காட்சி நன்றாக அமைய வேண்டும் என்று மரங்களையும் மனித உருவங்களையும் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொண்டதும் உண்டு. பல்லக்குத் தூக்கியவர்கள், சுமை சுமந்தவர்கள், வழி காட்டியவர்கள் ஆகியோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் இல்லாமல் ஒரு படமும் இல்லை.

இருந்தாலும் அவர்கள் பாறையைப் பாறையாகவும் நீரை நீராகவும் வரைந்தார்கள். அதனால்தான் இன்று அந்தப் படங்கள், வாங்கியவர்களின் அலங்காரப் பொருளாக மட்டும் இல்லாமல், நம் நாட்டுக்குச் சாட்சியாக நிற்கின்றன. கல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்தில் டேனியல்களின் ஓவியங்கள் பல இன்று நம் மக்கள் பார்வைக்கு உள்ளன.

இறுதி நாட்கள்

வில்லியம் பின்னர் பிரிட்டனின் கடற்கரை முழுவதையும் சுற்றி வந்து 308 படங்களை வெளியிட்டார். 1822 இல் அவரும் இராயல் அகாடமியின் முழு உறுப்பினரானார். வில்லியமின் தம்பி சாமுவேல் டேனியலும் ஓர் ஓவியர். அவர் இலங்கைக்குச் சென்று அங்கேயே 1811 இல் காலமானார். தாமஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாம் வளர்த்த வில்லியம் 1837 இல் தமக்கு முன்னே மறைந்த துயரத்தையும் அந்த முதியவர் காண நேர்ந்தது. 1840 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தமது தொண்ணூறாம் வயதைக் கடந்து தாமஸ் டேனியல் இயற்கை எய்தினார்.

எங்கள் நொய்யல்

இனி நான் முன்பு சொல்லாமல் விட்டதைச் சொல்கின்றேன். பாபநாசம் படத்தைப் பார்த்த உற்சாகத்தில் நானும் ஓர் ஆற்றை வரைய விரும்பினேன். விடுமுறையில் நொய்யல் பாலத்தைப் படமாக வரைந்தேன். தண்ணீருக்கு நல்ல நீல வர்ணம் பூசினேன். இரு கரையிலும் பச்சைப் புல் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அப்பா சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். என் அம்மாயி மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் ஆறு கண்ணு என்று கேட்டார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் பார்த்த நொய்யல் நீலமாக இல்லை. நான் ஆற்றைப் பார்த்து வரையவில்லை. ஆறு என்றால் நீலம் என்று மனத்தில் இருந்ததை வரைந்தேன். அம்மாயி சிறுமியாக இருந்தபோது அந்த ஆற்றில் குளித்தாராம். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கத் தண்ணீர் எடுத்தாராம். அந்த ஆற்றைக் காட்டும் படம் ஒன்று கூட எங்கள் வீட்டில் இல்லை. அம்மாயியின் நினைவில் மட்டும் அது ஓடுகின்றது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யல், சாயக் கழிவால் நிறம் மாறியதை நாடே அறியும். பாசனத்துக்காக 1992 இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போது நான் கைக்குழந்தை. சாயப்பட்டறையில் வேலை பார்த்த என் அப்பாவுக்குப் பல மாதம் வேலை இல்லை என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கின்றேன். பின்னர் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு பட்டறைகள் திறந்தன. எங்களுக்குச் சோறு போட்டதும் அந்தத் தொழில்தான். ஆற்றை வாட்டியதும் அந்தத் தொழில்தான். இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு 1880களிலேயே பாபநாசத்தின் அருகே ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை நடத்தினார்கள் என்று படித்தபோது, ஆறும் நூலும் நம் நாட்டில் எவ்வளவு காலமாகப் பின்னிக் கிடக்கின்றன என்று எண்ணிக்கொண்டேன்.

மறுபடியும் பாலத்துக்குச் சென்றேன். இம்முறை பார்த்ததையே வரைந்தேன். கறுத்த தண்ணீர், கரையெல்லாம் சீமைக் கருவேலம், முள்ளில் சிக்கிய பிளாஸ்டிக் பைகள், நடுவே ஒரு கல்லின் மேல் ஒற்றைக் கொக்கு. அழகான படம் என்று சொல்ல முடியாது. கீழே அன்றைய தேதியைப் போட்டேன். அம்மாயி பார்த்தார். இதுதான் நம் ஆறு என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. அந்தப் படத்தைத்தான் அப்பா சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றார்.

முடிவுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நம் முன்னோர் சொல்வார்கள். ஆறு இருந்தால்தான் ஆற்றின் படமும் உண்டு. தாமஸ் டேனியலின் வாழ்விலிருந்து உழைப்பையும் பொறுமையையும் நாம் கற்கலாம். அவற்றினும் மேலாக, கண்ணெதிரே உள்ளதை மாற்றாமல் பார்க்கும் நேர்மையைக் கற்கலாம். நோயை மறைப்பவனுக்கு மருந்து கிடைப்பதில்லை. ஆற்றின் நிறத்தை மறைத்து வரைந்தால் ஆறு தெளியப் போவதில்லை.

அன்புத் தோழியரே, நீங்களும் ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்கள் ஊர்க் குளத்தையோ ஓடையையோ பார்த்து வரைந்து, கீழே தேதியைப் போட்டு வையுங்கள். நாளை நம் பேத்திமார் அதைப் பார்த்து, நம் நாளில் தண்ணீர் எப்படி இருந்தது, தங்கள் நாளில் எப்படித் தெளிந்தது என்று ஒப்பிட்டுச் சொல்லட்டும். நான் அடுத்த ஆண்டும் அதே பாலத்தில் நின்று வரைவேன். ஒரு நாள் நீல வர்ணத்தைப் பொய் சொல்லாமல் பூச வேண்டும் என்பதே என் ஆசை.

– பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு